ஆய்வாளர் வீட்டுக் கணினி விடுதலை பெற்ற வரலாறு

மனிதகுலம் இதுவரை கண்ட விடுதலைகளிலெல்லாம் தலையாயது, ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், சாப்பாட்டு மேசைக்கும் துணி தேய்க்கும் பலகைக்கும் நடுவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிகழ்ந்தது. அதற்காக யாரும் சிறை செல்லவில்லை. ஒரு துளி ரத்தமும் சிந்தவில்லை. டீ மட்டும் கொஞ்சம் சிந்தியது, அதுவும் விசைப்பலகை மேல். இவ்வளவு சத்தமில்லாமல் நடந்ததாலேயே வரலாற்றாசிரியர்கள் இதைக் கோட்டை விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைப் போக்க வேண்டியது நம் கடமை.

விடுதலை வீரர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பதும், தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கி "இது என்ன?" என்று கேட்பதும் அவருடைய தொழில். அந்தக் கேள்விக்குப் பெரிய பெரிய வியாபாரிகளே வியர்த்திருக்கிறார்கள். வீட்டிலும் அதே குரல்தான். மின்விசிறி முனகினால் "இது என்ன?", டீயில் சர்க்கரை குறைந்தால் "இது என்ன?". வீட்டில் வியர்ப்பதற்கு வியாபாரி யாரும் இல்லாததால் மனைவி பதில் சொல்வார்.

அந்த அம்மாள் குறுக்கெழுத்துப் போட்டி அமைப்பவர். ஞாயிறுதோறும் வரும் ஒரு வார இதழின் கடைசிப் பக்கத்து மூலை அவருக்குச் சொந்தம். 'மைக்கூடு' என்பது புனைபெயர். ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் கட்டக்கார அம்மாதான். கட்டத்தைக் கணினியில் அமைத்து, அச்செடுத்து, வியாழக்கிழமை மாலைக்குள் ஆசிரியர் கையில் சேர்த்துவிட வேண்டும். திரையில் வருவதெல்லாம் வதந்தி, காகிதத்தில் வருவதுதான் படைப்பு என்பது அந்த ஆசிரியரின் கொள்கை. ஒரு வாரம் தவறினால் அந்த மூலையைப் பிடிக்க முழங்கால் வலி நிபுணர் ஒருவர் எளிய பயிற்சிகளோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மாள் இதுவரை தவறியதில்லை.

இதில் ஆய்வாளருக்கும் பங்கு உண்டு. புதன்கிழமை காலை, புதுக் கட்டம் அச்சாகி அவருடைய தட்டுக்கு இடப்பக்கம் வந்து உட்காரும், சீவிய பென்சிலோடு. அவர் போட்டுப் பார்ப்பார். தான் செய்வது 'தணிக்கை' என்பது அவர் எண்ணம். அம்மாள் தன் தம்பியிடம் சொன்ன கணக்கு வேறு.

"அவர் சல்லடைடா. சுலபமா போட்டுட்டார்னா அந்தக் குறிப்பை மாத்திடுவேன். சிக்கி முழிச்சார்னா வெச்சுப்பேன். அவர் முழிச்சா ஊரே முழிக்கும்."

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அநீதி தலைகாட்டியது. ஒரு நாள் மாலை ஆய்வாளர் கணினியைத் திறந்தபோது திரை நீலமாகி, 'புதுப்பிக்கப்படுகிறது. காத்திருக்கவும். அணைக்க வேண்டாம்' என்று கட்டளையிட்டது. ஆய்வாளர் காத்திருந்தார். வட்டம் ஒன்று சுற்றியது. மேலும் காத்திருந்தார். ஓர் அதிகாரியைக் காக்க வைக்கும் உரிமை இன்னோர் அதிகாரிக்கு மட்டுமே உண்டு என்பதை இந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவர் மனம் அன்றே புண்பட்டது. பல்லும் அன்றே வலிக்கத் தொடங்கியது.

பல் மருத்துவர் அந்தப் பகுதிச் 'சுதந்திரக் கணினிப் பயனர் சங்க'த்தின் தலைவர். சங்கத்துக்கு அவர் ஆள் பிடித்த முறை மிக நேர்த்தியானது. நோயாளியை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் செய்து, பஞ்சை அடைத்த பிறகே கொள்கை விளக்கத்தைத் தொடங்குவார்.

"உங்க கணினி உங்க பேச்சைக் கேக்குதா, நீங்க அது பேச்சைக் கேக்குறீங்களா?"

"ஆ..." என்றார் ஆய்வாளர்.

"அதேதான். விலையே இல்லாத இயக்குதளம் இருக்கு, சார். திறந்த மூலம். உள்ள என்ன இருக்குன்னு யார் வேணும்னாலும் பாக்கலாம், மாத்தலாம். நம்ம இஷ்டத்துக்கு வளையும். 'சிறகு'ன்னு பேரு. சேர்றீங்களா?"

"ஆ..."

இவ்வாறாக ஆய்வாளர் தம் முழுச் சம்மதத்துடன் சங்கத்தில் சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் திறந்த மூலத்தின் பெருமைகளைப் பாதி மரத்த வாயால் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொன்னார். குடும்பத்தார் என்றால் மனைவியும், அப்போது டீ குடிக்க வந்திருந்த மைத்துனரும். மைத்துனர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் தினமும் உயிரோடு இறங்குபவர் என்பதால் எதற்கும் அசைய மாட்டார்.

"மூலம்னா அதுக்குத் தனி டாக்டர் இருக்காங்க, அத்தான். பல் டாக்டர்கிட்டயா காட்டினீங்க?" என்றார்.

ஆய்வாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி மட்டும் வேலை சம்பந்தமான ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுல என் கட்டம் அச்சாகுமா?"

"அச்சு என்ன பிரமாதம்? அது கடைசியில தானா வரும்."

வரலாறு இந்த வாக்கியத்தைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஞாயிறு காலை, அம்மாளின் பழைய கட்டங்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு, ஆய்வாளர் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். 'சிறகு' மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டது. பழைய இயக்குதளத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறீர்களா, அல்லது வட்டு முழுவதையும் அழித்துவிடலாமா?

"பக்கத்துலயே இருக்கட்டுமேங்க. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது. நம்மை என்ன பண்ணப்போகுது?" என்றார் அம்மாள்.

"பாதி விடுதலைன்னு ஒண்ணு கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் முழுவதையும் அழித்தார். கள்ளத் தராசைப் பறிமுதல் செய்யும்போது வருமே, அந்த நிறைவு முகத்தில் தெரிந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். 'சிறகு' சமர்த்து. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டது. மைத்துனர் இரண்டாவது டீயைக் குடித்து முடிப்பதற்குள் கணினி எழுந்து நின்று, சுத்தமான திரையைக் காட்டி, 'வருக' என்றது. சாதாரண மனிதராக இருந்தால் அத்தோடு எழுந்து கை கழுவப் போயிருப்பார். நம்முடையவர் அப்போதுதான் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். விடுதலை பெற்றது தன்னுடைய விடுதலை போலவே தெரிய வேண்டாமா?

முதலில் பின்னணிப் படம். அருவியா, பாலைவனமா என்பதில் பிற்பகல் போனது. அருவி வைத்தால் எழுத்து தெரியவில்லை, பாலைவனம் வைத்தால் தாகம் எடுத்தது. பிறகு சின்னங்கள். வட்டச் சின்னம், சதுரச் சின்னம், கையால் வரைந்தது போன்ற சின்னம் என்று எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்து, கடைசியில் முதலில் இருந்ததையே வைத்தார். ஆனால் இப்போது அது அவர் தேர்ந்தெடுத்தது. அடுத்து, ஜன்னலை இழுத்தால் அது பாகு போல வளைந்து நெளிந்து வரும்படி செய்தார். மூடினால் தீப்பற்றி எரிந்து சாம்பலாகும்படியும் செய்தார். திரையின் மேல் மூலையில் வரிசையாகக் கடிகாரங்கள், தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத ஊர்களின் நேரத்தைக் காட்டின. கணினி சும்மா இருந்தால் வண்ண மீன்கள் நீந்தும். அது பெரும்பாலும் சும்மாதான் இருந்தது.

திங்கட்கிழமை விடுப்பு போட்டார். துறைக்கு எழுதிய காரணம் 'இன்றியமையாத குடும்ப நிர்மாணப் பணி'. அன்று மேசை விளிம்பில் ஒட்டுவதற்கென்று ஒரு வண்ண விளக்குப் பட்டை வாங்கி வந்தார். பாட்டுக்கு ஏற்ப அது நிறம் மாறும். பெட்டியின் பின்புறம் கையை விட்டு, தடவி, இடம் பண்ணி அதைச் செருகினார். மேசை சிவந்தது, பச்சையானது, ஊதாவானது. அந்த வெளிச்சத்தில் ஆய்வாளரின் முகத்தில் தெரிந்த பேரொளியை விவரிக்க நமக்குச் சொற்கள் போதவில்லை. மைத்துனருக்குப் போதின.

"அத்தான், வண்டிக்குப் பூவும் பொட்டுமா வெச்சுக்கிட்டே இருக்கீங்களே, எப்போ ஷெட்டை விட்டு வெளிய எடுப்பீங்க?"

"உனக்கு ஓட்டத்தான் தெரியும் மச்சான். இது வேற. இதை ரசிக்கணும்."

செவ்வாய்க்கிழமை அம்மாள் நாற்காலி கேட்டார். ஐந்தே நிமிஷம் என்றார் ஆய்வாளர். உலகில் எந்த விடுதலை இயக்கமும் ஐந்து நிமிஷத்தில் முடிந்ததில்லை என்பதால் அம்மாள் போய் ஒரு வாளித் துணியைத் துவைத்துவிட்டு வந்தார். பிறகு தன் கட்டங்களைத் திறந்தார். எழுத்து ஒன்றுகூட இல்லை. குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில், விடை இருக்க வேண்டிய இடத்தில், தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்கூடச் சின்னச் சின்ன வெற்றுச் சதுரங்கள்.

"என்னங்க, எல்லாம் கட்டமாவே இருக்கு."

"கட்டம்தானே நீ போடுறது?"

"கட்டத்துக்குள்ள எழுத்து இருக்கும்ல?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மூன்று நாட்களில் ஆய்வாளர் இணையத்தில் சங்கத்தாரின் கேள்வி பதில் மன்றத்தில் ஊறித் திளைத்திருந்தார். அங்கே கேள்வி கேட்பவர்களை நடத்தும் பண்பு அவரையும் தொற்றிக்கொண்டது. கண்ணாடியை இறக்கினார்.

"கேக்குறதுக்கு முன்னாடி தேடிப் பாத்தியா?"

"எதை?"

"பதிலை. இது ஏற்கெனவே பலர் கேட்டு முடிஞ்ச கேள்வி."

"தேடினேன். நீங்கதான் கிடைச்சீங்க."

ஆய்வாளர் விடவில்லை. இது பிழையா, பழக்கமின்மையா என்பதை முதலில் வகைப்படுத்த வேண்டும் என்றார். வகைப்படுத்தியதில் பழக்கமின்மை என்று முடிவானது. ஆனாலும் பெருந்தன்மையோடு எழுத்துருக்களை இறக்கினார். ஒன்று போதும் என்றார் அம்மாள். ஒன்று போதும் என்பது அடிமை மனப்பான்மை என்றார் ஆய்வாளர். உலகத்தில் உள்ள எழுத்துருக்கள் அனைத்தும் இறங்கின. அன்று மாலை அம்மாளின் எழுத்துகள் திரும்பி வந்தன, கொஞ்சம் வளைந்து, காலைத் தூக்கிக்கொண்டு, நடனமாடும் பாவனையில். அம்மாள் அந்த எழுத்துகளிலேயே அந்த வாரத்துக் கட்டத்தை அமைத்து முடித்து, அச்சிடும் பொத்தானை அழுத்தினார்.

அச்சுப்பொறி அசையவில்லை.

புதன்கிழமை காலை ஆய்வாளரின் தட்டுக்கு இடப்பக்கம் காலியாக இருந்தது. சீவிய பென்சில் மட்டும் இருந்தது. அதை எடுத்து நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஆனால் வீரர்கள் இப்படிப்பட்ட சிறு இழப்புகளைப் பொருட்படுத்துவதில்லை. பக்கத்துத் தெருக் கடையில் அச்செடுத்துக்கொள்கிறேன் என்று அம்மாள் சொன்னதற்கு, அது சரணாகதி என்று அவர் மறுத்தார். மத்தியானம் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"அம்மா, நாளைக்குச் சாயங்காலம் காகிதம் என் மேசைல இல்லேன்னா முழங்கால்தான். அவர் படத்தோட கொடுத்துட்டுப் போயிருக்கார். சொல்லிட்டேன்."

அம்மாள் தொலைபேசியை வைத்துவிட்டு வந்தார். குரல் மாறவில்லை. "அந்த மூலை போச்சுன்னா திரும்பி வராதுங்க" என்று மட்டும் சொன்னார். ஆய்வாளர் எழுந்தார். பிரச்சினையை உச்ச மட்டத்துக்கே கொண்டுபோவதாக வாக்களித்தார்.

உச்ச மட்டம் அன்று மாலை பல் மருத்துவமனையில் கூடியது. சங்கத்துக்குத் தனிக் கட்டடம் இல்லாததால், நோயாளிகள் போன பிறகு அங்கேதான் கூட்டம். தலைவர் சக்கர முக்காலியில் உட்கார்வார். பேச வேண்டியவர் நோயாளி நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொள்ள வேண்டும். தலைக்கு மேலே விளக்கு எரியும். பேச்சு நீண்டால் தலைவர் காலால் ஒரு மிதியை அழுத்த, நாற்காலி மெல்லக் கீழே இறங்கிவிடும். நாடாளுமன்றங்கள் யோசிக்க வேண்டிய ஏற்பாடு.

அன்றைய பெரும்பகுதி நேரம், கணினித் திரையில் சின்னங்கள் வரிசையாக நிற்கும் பட்டை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்பதில் கழிந்தது. சங்கம் இதில் 'மேல்பட்டை அணி' என்றும் 'கீழ்பட்டை அணி' என்றும் பிளவுபட்டிருந்தது. இரு அணிக்கும் பேச்சு வார்த்தை இல்லை. செயலாளரான வங்கி அதிகாரி மேல்பட்டை. கல்லூரிக் கணக்குப் பேராசிரியர் கீழ்பட்டை. பட்டையைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று சமரசம் பேச வந்த புது உறுப்பினர் ஒருவரை இரண்டு அணியும் சேர்ந்து வெளியேற்றியதுதான் அன்று எட்டப்பட்ட ஒரே ஒற்றுமை.

'இதர விஷயங்கள்' வந்தபோது ஆய்வாளர் நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். விளக்கு கண்ணில் அடித்தது.

"அச்சு வரலை, டாக்டர்."

"என்ன வரலை?"

"அச்சு. காகிதத்துல எடுக்கறது. உங்களுக்கெல்லாம் எப்படி வந்தது?"

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்த வினா சங்க வரலாற்றில் எழுந்ததே இல்லை. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு வேண்டியதை ஆபீஸிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பேராசிரியர், "நான் அந்தப் பழைய..." என்று தொடங்கி, நிறுத்தி, கூரையைப் பார்த்தார்.

அப்போது பக்கத்து அறையில் ஓர் ஓசை கேட்டது. சர்ர்... சர்ர்... என்று காகிதம் தள்ளும் ஓசை. கதவைத் திறந்துகொண்டு வரவேற்பாளர் பெண் எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், நாளைக்கு வர்றவங்களோட சீட்டெல்லாம் அச்செடுத்துட்டேன். கிளம்பட்டுமா?"

திறந்த கதவு வழியாக அவளுடைய மேசை தெரிந்தது. மேசை மேல் கணினி தெரிந்தது. கணினியில், ஆய்வாளர் ஞாயிறு காலை அழித்தாரே, அந்தப் பழைய இயக்குதளம் பளிச்சென்று தெரிந்தது.

ஆய்வாளர் பழக்க தோஷத்தில் கண்ணாடியை இறக்கினார். "இது என்ன?"

"அது... அந்தப் பொண்ணுக்காக வெச்சிருக்கேன், சார்" என்றார் தலைவர். "அவளுக்கு விடுதலை இன்னும் பழகலை. நம்மளுது மாடில இருக்கு. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வருவேன்."

"எனக்கும் பக்கத்துலயே பழசு இருக்கு. வீட்டுல கேக்குறாங்களேன்னு" என்றார் செயலாளர். பேராசிரியர் தலையாட்டினார். ஆளாளுக்கு வீட்டில் யாரோ ஒருவருக்காகப் பழசை வைத்திருந்தார்கள். அந்த யாரோ ஒருவர்தான் வேலை எல்லாம் செய்துகொண்டிருந்தார்.

"நீங்க உங்க பழசை எங்க வெச்சிருக்கீங்க, சார்?" என்று தலைவர் கனிவாகக் கேட்டார்.

"அழிச்சிட்டேன்."

"முழுசாவா?"

"நீங்கதானே சொன்னீங்க, டாக்டர்."

சங்கம் எழுந்து நின்றது. மேல்பட்டையும் கீழ்பட்டையும் முதல் முறையாகச் சேர்ந்து கைதட்டின. அவருக்கு அங்கேயே 'முழு விடுதலையாளர்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. கைகுலுக்கியவர்கள் எல்லோருடைய முகத்திலும், துக்க வீட்டில் கைகுலுக்குகிறவர்களின் மரியாதை தெரிந்தது. அச்சு விஷயம் பொருத்தமான நேரத்தில் பரிசீலிக்கப்படும் என்று தீர்மானமானது. தலைவர் மிதியை அழுத்த, நாற்காலி கீழே இறங்கியது.

வீட்டுக்கு வந்த ஆய்வாளர் வழக்கம்போல எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்பித்தார். அவர் எதையும் மறைக்கத் தெரியாத மனிதர். அம்மாள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார். தலைவருடைய மேசையிலேயே பழசுதானா என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "உங்க ஒருத்தருக்குத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

வியாழக்கிழமை காலை ஆய்வாளர் இறுதிப் போரில் இறங்கினார். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை மேல் கட்டளையாக அடித்தார். அச்சுப்பொறிக்கு உரிய இயக்கி மென்பொருளை இறக்கினார், நீக்கினார், மறுபடி இறக்கினார். இணைய மன்றத்தில் முறையிட்டார். தேடிப் பார்த்தீர்களா என்று பதில் வந்தது. அச்சுப்பொறி ஊமையாகவே இருந்தது. விளக்குப் பட்டை மட்டும் சிவப்பாகி, பச்சையாகி, ஊதாவாகி அவரை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தது.

அம்மாள் துடைப்பத்தோடு வந்து மேசைக்குப் பின்னால் குனிந்தார். கூட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அங்க என்ன?" என்றார் ஆய்வாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தூசி."

பிறகு அம்மாள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளைத் தாளும் அளவுகோலும் பேனாவும் உள்ளே போயின. நடுநடுவே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆய்வாளர் மனம் நெகிழ்ந்தார். பாவம், கையால் கோடு போட்டுக் கஷ்டப்படுகிறாள், ஆனாலும் சிரித்துக்கொண்டே செய்கிறாளே என்று எண்ணினார். அரை நாள் கழித்து அம்மாள் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, தணிக்கைக்குத் தன்னிடம் தரவில்லையே என்று கேட்கவும் செய்தார்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க. இந்த ஒரு வாரம் நானே பாத்துக்கறேன்."

வாசலில் மைத்துனர் பயிற்சி வண்டியோடு நின்றிருந்தார். பழகுநர் பலகை முன்னும் பின்னும் தொங்க, அக்காவும் தம்பியும் ஆசிரியர் அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள். முழங்காலுக்கு அன்று நேரம் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்தது.

ஆய்வாளர் அதைத் தட்டுக்கு இடப்பக்கம் வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். அச்சான பிறகு போடுவது அவருக்கு இதுவே முதல் தடவை. முதல் குறிப்பு, வேலையற்ற திரையில் நீந்துவது, இரண்டெழுத்து. 'மீன்' என்று போட்டார். அட, நம் வீட்டிலும் அதேதானே என்று மகிழ்ந்தார். அடுத்தது, வாங்கியவர் ஒருவர், வரிசையில் நிற்பவர் இன்னொருவர், நாலெழுத்து. 'விடுதலை' என்று கட்டம் சொன்னது. ஆழமான கருத்து என்று தலையாட்டிக்கொண்டார். 'ஊராருக்கு வாய் திறந்து உபதேசம், தன் மேசையில் பழைய வாசம்' என்ற குறிப்பைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"நம்ம டாக்டர். 'தலைவர்'. நல்லா வாரிட்டே."

அம்மாள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மைத்துனர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவரே தொலைபேசியில் அழைத்து, தான் முழுவதும் போட்டுவிட்டதாகவும், தன்னைப் பற்றிய குறிப்பு எதுவும் அதில் இல்லை என்று நம்புவதாகவும் சொல்லி வைத்தார். அடுத்து ஆசிரியர் அழைத்தார். காலையிலிருந்து வாசகர்கள் விடாமல் கூப்பிட்டுச் சிரிப்பதாகவும், இனி அரைப் பக்கம் அம்மாளுக்கு என்றும், முழங்காலை வேறு பக்கத்துக்கு மடக்கிவிட்டதாகவும் தெரிவித்தார். ஆய்வாளர் பெருமிதத்தோடு அடுத்த குறிப்பைப் படித்தார். கழன்று தொங்கும்போது நிபுணர் கண்ணுக்குத் தெரியாதது, மூன்றெழுத்து. 'கம்பி'.

எழுதிய கை நின்றது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். எழுந்து மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். விளக்குப் பட்டை கம்பீரமாகச் செருகியிருந்த துளைக்குக் கீழே, அச்சுப்பொறியின் கம்பி தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் செருகினார். அச்சுப்பொறி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமைக் கட்டத்தை, நடனமாடும் எழுத்துகளோடு, சமர்த்தாகத் துப்பியது.

"நீ பாத்தியா இதை?"

"வியாழக்கிழமையே பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமைக் கட்டமே பத்திரிகைக்குப் போயிருக்கும். இந்தக் கட்டம் வந்திருக்காது."

இதன் முழுப் பொருளையும் ஆராய ஆய்வாளருக்கு அவகாசம் இல்லை. ஒரே ஒரு விடை மிச்சம் இருந்தது, 'தலைவர்' என்பதன் 'வ' வழியாக மேலிருந்து கீழே இறங்குவது, நாலெழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'ஊரார் தராசையெல்லாம் சோதிப்பவர். வீட்டுத் தராசில் மட்டும் மனைவிக்கு இடமில்லாமல் இரண்டு தட்டிலும் தாமே உட்கார்ந்துகொள்பவர்.'"

மைத்துனர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

ஆய்வாளர் 'வியாபாரி' போட்டுப் பார்த்தார். மூன்றாவது கட்டத்தில் 'வ' இருந்ததால் ஒத்துவரவில்லை. 'வணிகர்' என்றார். அதுவும் இல்லை. பென்சிலைக் கடித்தார். தராசைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். குறிப்பிலேயே பிழை இருக்கும், இது பிழையா பழக்கமின்மையா என்று வகைப்படுத்த வேண்டும் என்றார். அருவிப் படத்தின் மேல் மீன்கள் நீந்தின. மேசை சிவப்பாகி, பச்சையாகி, ஊதாவானது.

"மச்சான், உனக்குத் தெரியுதா?"

"கீழ்வீட்டுக்காரர் நான் மாடி ஏறும்போதே சொல்லிட்டார், அத்தான்."

"இதை முதல்லயே என்கிட்டக் காட்டியிருக்கணும்" என்றார் ஆய்வாளர். "நானே முழிக்கிறேன்னா ஊரே முழிக்குமே."

"இல்லீங்க" என்று அம்மாள் ஆற்றிய டீயை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதை ஊர்ல எல்லாரும் போட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் முழிக்கிறீங்க."